எங்கே பட்டது?

ஐலி இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இறங்கினால் தம்பியைப் பார்த்த மாத்திரத்தில் அறைந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

மேப்பிள் இலைகள் கொட்டித் தீர்ந்து, காடு எலும்பும் தோலுமாக நின்றது. அமெரிக்காவின் மேல் மிச்சிகனில் அக்டோபர் கடைசி என்றால் மதியம் சாய்ந்ததுமே வெளிச்சத்துக்குக் கிளம்பும் அவசரம் வந்துவிடும். அப்பா கட்டிய மரவீட்டின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. கேம்ப் என்றுதான் அதைச் சொல்வார்கள். வேட்டைக் காலம் முடிந்தால் அது எலிகளின் வீடு. தம்பி டுவேன் முன்னமே வந்து அடுப்பை மூட்டியிருந்தான். வாசலில் அவனுடைய வண்டி பளபளவென்று கழுவி நிறுத்தப்பட்டிருந்தது. காட்டுக்கு வருகிறவன் வண்டியைக் கழுவிக்கொண்டு வருவானா? அதுகூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பக்கத்து இருக்கையில் முஸ்தி எழுந்து நின்று முனகியது. கறுப்பு நாய், சாண் உயரக் கால், தரையைத் தொடும் காது. ரெய்னோவின் நாய்.

ரெய்னோ ஐலியின் கணவன். அம்பு பட்டு ஓடிப்போன மானைத் தேடிக் கொடுப்பது அவனுக்கு வேலையல்ல, விட முடியாத பழக்கம். அந்தச் சுற்று வட்டாரத்தில் வில் வேட்டைக்காரன் எவன் மானைத் தொலைத்தாலும் முதலில் ரெய்னோவைத்தான் கூப்பிடுவான். போனை எடுத்ததும் ரெய்னோ வேறு எதுவும் பேசமாட்டான். ஒரே கேள்வி கேட்பான்: எங்கே பட்டது?

எல்லாம் அந்தப் பதிலில் இருக்கிறது. நுரையீரலில் பட்டிருந்தால் உடனே போகலாம். மான் கூப்பிடு தூரத்தில் செத்துக் கிடக்கும். வயிற்றில் பட்டிருந்தால் போகவே கூடாது. அது பக்கத்திலேயே எங்காவது போய்ப் படுக்கும். விடியும்வரை அதை அதன்பாட்டுக்கு விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டுப் பின்னால் போய் எழுப்பிவிட்டால், அந்த வலியோடு மைல் கணக்கில் ஓடும். வில்லைத் தொட்ட எவனுக்கும் இது தன் பெயரைப்போலத் தெரியும்.

போன வருஷம் டுவேன் கூப்பிட்டு, நுரையீரல் என்று சொன்னான். ரெய்னோ பாதிக் காப்பியை மேசையில் வைத்துவிட்டு, மெல்லிய சட்டையோடு, முஸ்தியை இழுத்துக்கொண்டு கிளம்பினான். தேடிப் போனவர்கள் அவனைச் சதுப்பின் நட்ட நடுவில் கண்டெடுத்தார்கள். இடுப்புவரை நனைந்து, விறைத்துப் போயிருந்தான். முஸ்தி அவன் மார்பின்மேல் படுத்திருந்தது.

நுரையீரலில் அம்பு வாங்கிய மான் ஒருவனை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகாது. ஐலிக்கு அது தெரியும். டுவேனுக்கும் தெரியும். அடக்கத்தன்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல அடி ஐலி, நுரை நுரையா ரத்தம்" என்றான். பெட்டி பக்கத்தில் இருந்ததால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அன்று கடித்த பல்லை இன்னும் விடவில்லை.

இப்போது அவனே கூப்பிட்டிருக்கிறான், ரெய்னோ நினைவாக ஒரு நாள் சேர்ந்து வேட்டைக்கு உட்காரலாம் என்று. அவள் வந்தது மானுக்காக அல்ல. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை, உண்மையான வார்த்தை, வந்தாக வேண்டும். அதுவரை அவள் திரும்பிப் போவதாக இல்லை.

கதவைத் தள்ளியதும் வாடைதான் முதலில் வந்தது. விறகுப் புகை, ஈரக் கம்பளி, அடுப்பில் சூடாகும், இறைச்சியும் கிழங்கும் அடைத்த பேஸ்டியின் வெங்காய மணம். இவ்வளவுக்கும் அடியில் இன்னொன்று. புளித்த புல்லின் வாடை.

"வந்துட்டியா மகாராணி! கதவைச் சாத்து, சூடெல்லாம் வெளிய போகுது," என்றான் டுவேன். தாடியை மழித்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என்ன நாத்தம் இது?"

"எலி. சுவத்துக்குள்ள எங்கயோ செத்துக் கிடக்கு. வந்ததுலேருந்து தேடுறேன், அகப்பட மாட்டேங்குது."

எலி நாற்றம் அப்படி இருக்காது. மானை அறுக்கும்போது கத்தி வழுக்கி இரைப்பையைக் கிழித்துவிட்டால் வருமே, அந்த வாடை. முஸ்தி டுவேனைக் கண்டுகொள்ளாமல் நேராக அடுப்போரத்தில் கிடந்த காலி நாற்காலியிடம் போய் உட்கார்ந்தது. அதன் வால் பலகைத் தரையில் டொக், டொக் என்று தட்டியது.

டுவேன் அதைப் பார்த்தான். பார்க்காததுபோல் தட்டை எடுத்தான்.

"தூங்கவே இல்லையா நீ? மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

"எங்க தூங்குறது? சாயங்காலம் ஆனா கதவுகிட்ட யாரோ வந்து நின்னு ஏதோ கேக்குறாப்ல இருக்கு."

"என்ன கேக்குறாங்க?"

"காத்து, ஐலி. காத்து என்னத்தக் கேக்கும்?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. உடனே பேச்சை மாற்ற, மூலையிலிருந்த புது வில்லை எடுத்துக்கொண்டு வந்தான். கப்பிகளும் கம்பிகளுமாக, பார்க்க ஏதோ இயந்திரம் மாதிரி இருந்தது. "இத தூக்கிப் பாரு. இறகு கணக்கா இருக்கும். அறுபது கஜம் அலுங்காமப் போகும்."

"அறுபது கஜத்துக்கு வில்லு எதுக்கு? துப்பாக்கிய எடுத்துட்டு வரவேண்டியதுதான?"

"துப்பாக்கில என்ன இருக்கு? விரலை மடக்கினா முடிஞ்சுது." டுவேன் குரலைத் தாழ்த்தினான். "வில்லுன்னா கிட்ட போகணும். அது மூச்சு விடுறது நமக்குக் கேக்கணும். கொல்றவன் பக்கத்துல நின்னு, என்ன பண்றோம்னு தெரிஞ்சு கொல்லணும். தூரத்துலேருந்து கொன்னா பாதி பாவம் கண்ணுக்கே தெரியாமப் போயிடும்."

ஐலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனையும் ரெய்னோவின் பேச்சு. எழுத்துக்கு எழுத்து. இறந்தவனின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்பதுபோல் அவன் நின்றான்.

"அது ரெய்னோ சொன்னது. அவன் பேச்சை உன் வாயில வெக்காத. உனக்குன்னு ஒரு காரணம் இருந்தா அதைச் சொல்லு, இல்லன்னா வாயை மூடிட்டுச் சாப்பிடு."

டுவேனின் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் பேஸ்டியை முள்கரண்டியால் கிளறினான்.

"சரி. துப்பாக்கி சீசன் தொடங்கி அவங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடியே வில்லோட காட்டுக்குள்ள வந்துடலாம். கூட்டம் இருக்காது. அப்புறம்... வில்லுல அடிச்சேன்னு சொன்னா கேக்குறவன் ஒரு மாதிரி மரியாதையாப் பாக்குறான். அது பிடிச்சிருக்கு. போதுமா?"

"போதும். இந்தளவு உண்மை பேசத் தெரியுதுல்ல."

"நீ மட்டும் எதுக்கு வில்லு தூக்குற? நீ என்ன புனிதமா?"

கல்யாணத்துக்கு முன்பு ஐலி தன் முதல் மானைத் துப்பாக்கியால்தான் சுட்டாள். வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி விழுந்தது. போய்ப் பார்த்தபோது மனதில் ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். அந்த ஒன்றுமில்லாமைதான் பிறகு அவளைப் பயமுறுத்தியது. வில்லால் அடித்த முதல் மான் அப்படி இல்லை. அது அவளைப் பார்த்தது. வெகுநேரம் பரணை விட்டு இறங்கவே முடியவில்லை. பிறகு சந்தோஷம் பொங்கியது, பொய் சொல்வானேன், கத்த வேண்டும்போல் இருந்தது. அதன் பின்னாலேயே அந்தச் சந்தோஷத்தின்மேல் வெட்கம் வந்தது. இன்றுவரை ஒவ்வொரு முறையும் அதே வரிசையில்தான் வருகிறது.

"எனக்கு வலிக்கணும். அதுக்குத்தான்," என்றாள். "இப்ப நீ சொல்லு. போன வருஷம் எங்க பட்டுச்சு?"

டொக், டொக் என்ற வால் சத்தம் நின்றது.

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா? நுரையீரல். எத்தனை தடவ சொல்றது? சர்ச்சுல சொன்னேன், ஷெரிஃப்கிட்ட சொன்னேன். நல்ல அடி. நுரையீரல்."

அந்த வாடை சட்டென்று திரண்டு வந்தது. அடுப்பின்மேல் யாரோ ஒரு கை புளித்த புல்லை அள்ளிப் போட்டதுபோல. டுவேன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தான்.

"வெளிச்சம் போகுது. பரண் ஏறணும்னா இப்பவே கிளம்பணும்."

முஸ்தியை உள்ளே விட்டு, வெளியிலிருந்து கதவின் தாழைப் போட்டாள் ஐலி. மான் தேடும்போது கட்டும் நீளமான தோல்வார் உள்ளேயே ஆணியில் தொங்கியது. ரெய்னோ போன பிறகு அந்த வாரைக் காட்டினாலே முஸ்தி தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். ஒரு தடவைகூட மோப்பம் பிடிக்கவில்லை.

டுவேனின் பரண் சதுப்பின் விளிம்பில் இருந்தது. ஐலி கொஞ்சம் மேட்டில், ரெய்னோவின் பழைய பரணில் ஏறி உட்கார்ந்தாள். வில் மடியில் கிடந்தது. காற்று செத்துப் போயிருந்தது. ஒரு அணில் காய்ந்த இலையில் ஓடினால்கூடப் பெரிய மிருகம் வருவதுபோல் கேட்டது. பிறகு அணிலும் நின்றுவிட்டது. வானம் ஈயம் மாதிரி தாழ்ந்து வந்தது. தேவதாரு மரங்களுக்கு இடையில் சதுப்பின் கறுத்த தண்ணீர்மேல் மெல்லிய ஐஸ் படிந்திருந்தது. அதற்குள்தான் ரெய்னோ கிடந்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு கோபத்தோடு உட்கார்ந்தால் எந்த மான் வரும்? வரவேண்டாம் என்றே நினைத்தாள். கோபத்தில் அம்பு விடக் கூடாது.

கீழே, டுவேனின் பக்கம், நாண் அதிரும் சத்தம் கேட்டது. உடனே ஈரச் சாக்கை ஓங்கி அறைந்ததுபோல் இன்னொரு சத்தம்.

மான் அவளை நோக்கித்தான் வந்தது. கொம்பு மான். ஓடி வரவில்லை, நடந்து வந்தது. முதுகைக் கூனிக்கொண்டு, வாலை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பதுபோல் வந்தது. ஐலி வில்லை இழுத்தாள். இன்னொரு அம்பால் அதன் கஷ்டத்தை முடித்துவிடலாம். ஆனால் நடுவில் புதர்க் கிளைகள் பின்னிக் கிடந்தன. ஒரு குச்சியில் பட்டால் அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்துவிட்டு, வழி கிடைக்காமல் நாணைத் தளர்த்தினாள். மான் ஓடைக்கரைப் புதருக்குள் போய் மறைந்தது. கோபத்தோடு இறங்கினாள்.

அவள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு டுவேன் கத்தினான். "நுரையீரல்! சூப்பர் அடி! போய் முஸ்தியக் கூட்டிட்டு வா, இருட்டுறதுக்குள்ள எடுத்துடலாம். ராத்திரி விட்டா ஓநாய்க்குத்தான்!"

அவன் குனிந்து எதையோ பாசியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அம்பைக் காட்டு."

"அம்பு எதுக்கு இப்ப?"

"காட்டுடா!"

பிடுங்கி மூக்கருகில் கொண்டுபோனாள். பாசியில் எவ்வளவு துடைத்தாலும் இறகின் அடியில் பச்சைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. புளித்த புல்.

"என் பரணுக்குக் கீழதான் போச்சு, டுவேன். முதுகைக் கூனிக்கிட்டுப் போச்சு. ரெண்டு கண்ணால பாத்தேன். என்கிட்டயே கதை விடுறியா?"

டுவேன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எங்கோ பார்த்தான்.

"நுரையீரல்ல," என்றான்.

யாரும் எதுவும் கேட்கவில்லை.

"யார்கிட்டடா சொல்ற?"

"நுரையீரல்லதான்." அவன் குரல் மெலிந்துவிட்டது. "சத்தியமா, ரெய்னோ."

ஐலி திரும்பினாள்.

கேம்ப் பக்கமிருந்து முஸ்தி வந்துகொண்டிருந்தது. மூக்கைத் தரையோடு தரையாக வைத்து, வேலை செய்யும்போது வருமே, அந்த நிதானத்தில் வந்தது. கழுத்தில் தோல்வார் கட்டியிருந்தது.

அந்த வார் தரையில் இழுபடவில்லை.

நாயின் கழுத்திலிருந்து பின்னோக்கி, சாய்வாக மேலேறி, விறைப்பாக நின்றது. அதன் மறுமுனை ஒரு ஆளின் இடுப்பு உயரத்தில் இருந்தது. மடித்துச் சுற்றிய கைப்பிடி வளையம், ஒரு கை அளவுக்கு விரிந்திருந்தது.

வளையத்துக்குள் ஒன்றுமில்லை.

முஸ்தி நின்றபோது வாரும் நின்றது. முஸ்தி ஒரு பக்கம் இழுத்தபோது, அவசரப்படாதே என்பதுபோல் வார் பின்னுக்கு ஒரு சுண்டு சுண்டியது. ரெய்னோ அப்படித்தான் சுண்டுவான்.

ஐலிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஆனால் முதலில் வந்தது பயமல்ல. ஒரு வருஷமாக அவள் படுக்கையில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள், ஒரு குரலுக்கு, ஒரு மூச்சுக்கு. ஒன்றும் வரவில்லை. இப்போது வந்தும் அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவன் பேசுவது இந்தப் பயலிடம். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

முஸ்தி மானின் ரத்தத்தை மோப்பம் பிடிக்கவில்லை. டுவேனின் பூட்ஸ் தடத்தைப் பிடித்து வந்தது.

"நுரை நுரையா ரத்தம் வந்துச்சு," என்று சொல்லிக்கொண்டே டுவேன் ஒரு அடி பின்னால் போனான். "நல்ல அடி."

வார் ஒரு எட்டு முன்னால் வந்தது.

"நுரையீரல்."

இன்னொரு எட்டு.

கேம்ப்புக்குப் போகும் வழியை மறித்தபடி நாய் நின்றது. டுவேனுக்குப் பின்னால் சதுப்பு மட்டும்தான் இருந்தது. அவன் திரும்பிப் பார்க்காமலே பின்னால் போய்க்கொண்டிருந்தான். கால் ஐஸ்மேல் பட்டு, கண்ணாடி உடைவதுபோல் சத்தம் கேட்டது. முழங்கால்வரை இறங்கியது. அவன் அலறினான். காலை உருவப் பார்த்து, இன்னும் ஆழத்தில் வைத்தான். கறுத்த தண்ணீர் தொடையைத் தொட்டது.

"ஐலி! கையக் குடு!"

ஐலி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நீட்டவில்லை. நீட்டினால் எட்டும் தூரம்தான். இருக்கட்டும் என்று நினைத்தாள். அவன் எப்படிச் செத்தானோ அப்படியே நீயும் போ. உன் கழுவிய வண்டியும் உன் புது வில்லும் இங்கேயே கிடக்கட்டும். அப்படி நினைக்கத் தன்னால் முடிகிறதே என்று அவளுக்குத் திகைப்பாகக்கூட இல்லை.

இடுப்புவரை போய்விட்டான். உதடு நீலமாகிவிட்டது. இன்னும் அவன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். "நுரை... நுரையீ..."

நாய் கரையோரம் வந்து உட்கார்ந்தது. வார் அதன் தலைக்குமேல் தளராமல் நின்றது.

இவன் செத்தால் அந்த வார்த்தையும் இவனோடு சதுப்புக்குள் போய்விடும். அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"முட்டாளே!" என்று கத்தினாள். "அவன் உன்னைக் கொல்ல வரலடா! கேட்டதுக்குப் பதில் சொல்லு! எங்க பட்டுச்சு?"

டுவேன் அவளைப் பார்த்தான். பிறகு வளையம் இருந்த இடத்தைப் பார்த்தான். ஓர் ஆளின் முகம் இருக்கவேண்டிய உயரத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"வயித்துல," என்றான்.

காடு அசையவில்லை.

"வயித்துலதான், ரெய்னோ. இப்பவும் வயித்துல. அப்பவும் வயித்துலதான்."

வார் சொத்தென்று தரையில் விழுந்தது.

ஐலி அதை நாயின் கழுத்திலிருந்து அவிழ்த்து எடுத்தாள். வளையத்தை அவன் பக்கம் வீசி, தன் பக்கத்தை ஒரு தேவதாரு மரத்தில் சுற்றி இழுத்தாள். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. திட்டிக்கொண்டே இழுத்தாள். அவன் சேறும் ஐஸுமாக வயிற்றால் ஊர்ந்து வந்து கரையில் விழுந்தான்.

"ஏன்டா?" அவன் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினாள். "வயித்துலன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா அன்னிக்கு அவன் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டான். காப்பியக் குடிச்சிட்டுப் படுத்திருப்பான். ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு." பல் தந்தியடித்தது. "தூரம் அதிகம்னு தெரிஞ்சும் விட்டேன். அப்புறம் பொறுக்காம உடனே பின்னாடியே போயி அதை எழுப்பியும் விட்டுட்டேன். இதையெல்லாம் அவன்கிட்ட எப்படிச் சொல்றது? அவன் திட்ட மாட்டான் ஐலி. சும்மா பாப்பான். அந்தப் பார்வைக்குப் பயந்துதான்..."

"வெக்கம்." காலரை இன்னும் இறுக்கினாள். "உன் வெக்கத்துக்கா என் புருஷன் செத்தான்?"

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அறைந்தாள். ஒரு வருஷமாகக் காத்திருந்த அறை. கை மரத்துப் போயிருந்ததால் அதுகூடத் திருப்தியாக விழவில்லை.

கேம்ப்புக்குப் போனபோது கதவின் தாழ் அவள் போட்டபடியே இருந்தது. உள்ளே வாடை இல்லை. டுவேனை அடுப்பருகே தள்ளி, கம்பளியை அவன்மேல் எறிந்தாள். மானைத் தேட யாரும் போகவில்லை. காத்திருந்தார்கள்.

விடியும்போது காடு முழுக்க உறைபனி. புல்லும் இலையும் வெள்ளையாக நின்றன. ஐலி வாரைக் கையில் எடுத்ததும் முஸ்தி தானாக வந்து கழுத்தைக் காட்டியது. ஓடைக்கரைப் புதரில் மூக்கை வைத்ததும் இழுக்க ஆரம்பித்தது. டுவேன் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. புதரைத் தாண்டி, விழுந்து கிடந்த ஒரு பிர்ச் மரத்தின் அடியில் மான் கிடந்தது. கால்களை மடக்கி, தலையை ஒருக்களித்து வைத்து, படுத்த இடத்திலேயே செத்திருந்தது. ஓநாய் எதுவும் அதைத் தொடவில்லை. நிமிர்ந்தால் கேம்ப்பின் கூரை தெரிந்தது. அடுப்புப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"இவ்ளோதான் தூரம்," என்றாள் ஐலி. "பாரு."

"பாத்துட்டேன்."

"நல்லாப் பாரு. இங்கேருந்து நம்ம புகை தெரியுது. காத்திருந்தா இவ்ளோதான்டா. போன வருஷமும் இவ்ளோதான் இருந்திருக்கும்."

டுவேன் அழுதான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று தோன்றவும் இல்லை. ஏதாவது செய்யவேண்டும் என்பதுபோல் அவன் மண்டியிட்டு, கொம்பைப் பிடிக்கக் கை நீட்டினான். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"ஐலி. இது நீ தொட்டியா?"

மானின் உடம்பெல்லாம் உறைபனி. ஒவ்வொரு மயிரும் வெள்ளை. கழுத்தில் மட்டும் ஓர் இடத்தில் பனி இல்லை. ஐந்து விரலும் ஒரு உள்ளங்கையும். அந்த இடத்து மயிர் நனைந்து கறுத்திருந்தது. அதிலிருந்து லேசாக ஆவி எழுந்தது.

"நான் எங்க தொட்டேன்? உன்கூடதான வந்தேன்."

சுற்றிலும் வெள்ளைப் புல்லில் அவர்கள் இருவருடைய தடமும் நாயின் தடமும் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் மானின் தலைமாட்டில், ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்குப் புல் பச்சையாகக் கிடந்தது.

"ராத்திரி பூரா இதுகூட உக்காந்திருந்திருக்கான்," என்றாள் ஐலி. அவள் குரல் நடுங்கியது, ஆனால் கோபம் குறையவில்லை. "நீ உக்காந்திருக்கவேண்டிய இடத்துல."

டுவேனின் கண் மானின் கழுத்தைவிட்டு எடுபடவில்லை. ஐலியும் அப்போதுதான் பார்த்தாள்.

அந்தக் கைத்தடம் நகர்ந்துகொண்டிருந்தது. பனியைக் கரைத்தபடி, கழுத்திலிருந்து தோள்வரை மெல்ல இறங்கியது. பிறகு மறுபடியும் மேலே போய், முதலிலிருந்து ஆரம்பித்தது.